உறுமுது, ஆனா சுத்தல: கிரைண்டர், ஃபேன், மிக்சி ரிப்பேரை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

நோம்பிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் எங்கள் வீட்டுக் கிரைண்டர் நிற்கும். வேறு நாளில் நின்றதாக எனக்கு நினைவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடிப் பதினெட்டுக்கு ஒரம்பரை எல்லாம் வந்து இறங்கிவிட்டார்கள், உளுந்து பாதி ஆட்டியாகிவிட்டது, திடீரென்று 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம், கல் அப்படியே நின்றுவிட்டது. அமுச்சி (அம்மாவின் அம்மா) எட்டிப் பார்த்து, "ஆட்டாங்கல்லுக்கு ஒரு நாளும் இந்த நோவு வந்ததில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். அந்த நேரத்தில் மெக்கானிக்குக்கு போன் போட்டால் "காலையில வர்றனுங்க" என்பார், எந்த நாள் காலையில் என்று மட்டும் சொல்லமாட்டார்.

அன்றைக்கு அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் கெபாசிட்டர் வயிறு உப்பிக் கிடந்தது. கடைவீதியில் புதிதாக வாங்கி மாட்டினேன், விலை ஒரு செட் பரோட்டாவை விடக் குறைவு. அப்புறம்தான் தெரிந்தது, வீட்டுச் சாமான்களில் பாதிக்கு மேல் கெட்டுப்போவது மோட்டார் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்கள்: கெபாசிட்டர், பெல்ட், கார்பன், வயர், புஷ். எது போயிருக்கிறது என்பதை அந்தச் சாமானே சத்தத்திலும் வாடையிலும் சொல்லிவிடும். ஸ்க்ரூடிரைவரைக் கடைசியாக எடுத்தால் போதும்.

முதலில் பிளக். இந்த ஒரு விஷயத்தில் நான் கறார். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்கு முன்னால் போட்டுக்கொண்டுதான் எதையும் திறக்க வேண்டும். பழைய வீடுகளில் வயரிங் செய்தவர் ஃபேஸில் (கரண்ட் வரும் வயரில்) போட வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயரில்) போட்டிருப்பார். சுவிட்ச் ஆஃபில் இருக்கும், உள்ளே கரண்ட்டும் இருக்கும். ஃபேனுக்குப் பிளக் கிடையாது, அதனால் மெயினையே இறக்குங்கள். இறக்குவதற்கு முன் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். டிவி நின்றதும் என் சித்தப்பா போய் மெயினை ஏற்றிவிட்டார், நான் ஸ்டூல் மேல் நிற்கிறேன். தப்பித்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

எல்லா வீட்டிலும் ஒரு டெஸ்டர் இருக்கும், அதை முழுசாக நம்பாதீர்கள். பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது என்றால் கரண்ட் அதிகமாக வருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. ஆனில் இருக்கும் வேறொரு பல்பு வழியாகவோ ஃபேன் வழியாகவோ ஃபேஸ் சுற்றி வந்து நியூட்ரல் ஓட்டையிலும் எட்டிப் பார்க்கிறது. இதற்குத்தான் ஒரு மல்டிமீட்டர் வாங்கிப் போடுங்கள், சில நூறு ரூபாய்தான். அதில் பீப் சத்தம் போடும் நிலையையும், ஓம் அளவையும், 230 வோல்ட் பார்ப்பதையும் கற்றுக்கொண்டால் இங்கே சொல்லும் எல்லாவற்றுக்கும் போதும்.

இன்னொன்று, பழைய ரேடியோக் கடைக்காரர்களின் கருவி: சீரியல் லேம்ப். ஒரு பெட்டியில் பல்பு ஹோல்டர், பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். ஃபேஸ் வயர் பல்பு வழியாகப் போய்த்தான் பாயின்ட்டுக்குச் சேர வேண்டும், நியூட்ரல் நேராகப் போகலாம். 100 வாட் குண்டு பல்பு போடுங்கள், எல்இடி இதற்கு ஆகாது. கெட்டுப்போன சாமானை இதில் சொருகினால், பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட், எரியவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் வழி சரியாக இருக்கிறது. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவை மட்டும் விதிவிலக்கு: அவை நன்றாக இருந்தாலும் பல்பு கிட்டத்தட்ட முழுசாகவே எரியும், ஏனென்றால் அந்தக் காயிலின் தடை பல்பை விட ரொம்பக் குறைவு. இது தெரியாமல் ஒரு நல்ல அயர்ன் பாக்ஸை நான் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறேன். சீரியல் லேம்ப்பில் ஃபியூஸ் போகாது, ஆனால் ஷாக் அடிக்கும். அதையும் மறந்துவிடாதீர்கள்.

உறுமல்

சுவிட்சைப் போட்டதும் உறுமுகிறது, சுற்றவில்லை. ஃபேனிலும் கிரைண்டரிலும் அதிகம் வருகிற கம்ப்ளெயின்ட் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சைக்கிளில் பெடல் நேர் மேலே நிற்கும்போது எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நகராது இல்லையா, பெடலைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு மிதிக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரும் அப்படித்தான். வீட்டுக்கு வரும் கரண்ட் ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னும் இழுக்கும், எந்தப் பக்கம் சுற்றுவது என்று மோட்டாருக்குத் தெரியாது. அதனால் உள்ளே இரண்டாவதாக ஒரு வைண்டிங் (செம்புக் கம்பிச் சுற்று) வைத்து, அதற்குப் போகும் கரண்டைக் கெபாசிட்டர் மூலம் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள், பெடலை முன்னால் தள்ளுவது மாதிரி. கெபாசிட்டர் செத்துவிட்டால் தள்ளிவிட ஆள் இல்லை, மோட்டார் நின்ற இடத்தில் நின்று உறுமும்.

சோதிப்பது சுலபம். ஃபேனைப் போட்டுவிட்டு நீளமான காய்ந்த குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளுங்கள். தள்ளிய பக்கம் சுற்ற ஆரம்பிக்கிறது, நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளினால் எதிர்ப்பக்கமும் சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் கெபாசிட்டர்தான். தள்ளியும் சுற்றவில்லை, அல்லது மெயினை இறக்கிவிட்டுக் கையால் சுற்றினாலே இறுக்கமாக இருக்கிறது என்றால் பேரிங். எதுவாக இருந்தாலும் உறுமும் மோட்டாரைப் பத்து செகண்டுக்கு மேல் அப்படியே விடாதீர்கள். வைண்டிங் எரிந்துவிட்டால் பரோட்டா விலை ரிப்பேர் புது ஃபேன் விலைக்குப் போய்விடும்.

சுற்றுகிறது, ஆனால் அஞ்சாம் நம்பரில் வைத்தும் காத்தே வரவில்லை என்றாலும் பெரும்பாலும் இதே கெபாசிட்டர்தான், முழுசாகச் சாகாமல் பாதி செத்திருக்கும். சாதாரண சீலிங் ஃபேனில் இருப்பது 2.5 மைக்ரோஃபாரட், சிலதில் 3.15. பழையதில் எழுதியிருக்கும் அதே எண்ணை வாங்குங்கள், 440 வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும். "ஒரு சைஸ் பெருசு போடுங்க, நல்லா சுத்தும்" என்று கடையில் சொல்வார்கள். சுற்றவும் செய்யும், கூடவே வைண்டிங்கும் சூடாகும். அதைக் கேட்காதீர்கள். மேல் கப்பை இறக்கி, பழையதின் இரண்டு முனையையும் ஒரு பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டு, மிச்சம் இருக்கும் சார்ஜை இறக்கிவிட்டு, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். கெபாசிட்டர் வயருக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எந்த வயரை எதில் கொடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் எந்தெந்த இரண்டு இடத்தில் அது இருந்தது என்பது முக்கியம், அதற்குத்தான் போட்டோ.

ஃபேனையே இறக்கினால் திரும்ப மாட்டும்போது ராடில் போகும் போல்ட்டுக்கு ஸ்பிளிட் பின் போட்டு, அதன் இரண்டு காலையும் விரித்துவிட மறக்காதீர்கள். அது இல்லாத ஃபேனுக்குக் கீழே நான் படுக்கமாட்டேன். இறக்கைகளை ஒரு ஃபேனிலிருந்து இன்னொரு ஃபேனுக்கு மாற்றவும் வேண்டாம், மூன்றும் ஒரே எடைக்குச் சேர்த்த செட், மாற்றினால் ஆடும். இப்போது வரும் ரிமோட் வைத்த பிஎல்டிசி ஃபேனில் இந்தக் கதை எதுவும் செல்லாது, அதில் இந்தக் கெபாசிட்டரே கிடையாது, உள்ளே ஒரு போர்டு இருக்கும், வாரன்டியில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

கிரைண்டருக்கு வருவோம். நம்ம ஊர்க்காரருக்குக் கிரைண்டரைக் கழற்ற யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட் கிரைண்டரே 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் செய்ததுதான், 2005-06-ல் கோயமுத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடும் வாங்கியாச்சு, கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம் பேர் போனது. ஆனாலும் பெல்ட் தளர்ந்ததற்காகப் புதுக் கிரைண்டர் வாங்கிய வீடு எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்குங்கள், மாவை வழித்துவிடுங்கள், கல்லை எடுத்துவிடுங்கள். இப்போது காலி டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றுகிறது, கரண்ட் கொடுத்தால் உறுமுகிறது என்றால், கெபாசிட்டருக்குப் போவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்), எல்லாரும் மோட்டார் போட்டிருக்கும் நேரத்தில் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும், அப்போது நல்ல கிரைண்டரும் உறுமும். மல்டிமீட்டரில் 230-க்குப் பக்கத்தில் காட்டியும் உறுமுகிறது என்றால் அடிமூடியைக் கழற்றிக் கெபாசிட்டரை மாற்றலாம், ஃபேனுக்குச் சொன்ன அதே முறைதான், எண் மட்டும் வேறாக இருக்கும், பழையதைப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டார் சத்தம் நன்றாகக் கேட்கிறது, டிரம் மட்டும் நிற்கிறது அல்லது கெட்டி மாவில் திணறுகிறது, கூடவே ரப்பர் தீயும் வாடை என்றால் பெல்ட். கவிழ்த்து மூடியைக் கழற்றினால் சின்னப் புல்லியும் பெரிய புல்லியும் தெரியும். பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், அதில் அச்சடித்த எண் அழிந்திருந்தால் பழைய பெல்ட்டையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், அளவை வாயால் சொல்லி வாங்கிய பெல்ட் எனக்கு ஒருமுறையும் பொருந்தியதில்லை. வெடிப்பு இல்லை, தளர்வுதான் என்றால் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை லேசாக்கி, நீள ஓட்டையில் மோட்டாரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி முடுக்குங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல அமுங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போகும். பெல்ட்டே இல்லாமல் கியர் வைத்த மாடலும் வருகிறது, அதைத் திறந்து நான் பட்டிருக்கிறேன், நீங்களும் பட வேண்டாம்.

கையால் சுற்றும்போதே கரகரவென்று இறுக்கமாக இருந்தால் பேரிங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டிரம்மைக் கழுவும்போது நடுத்தண்டு வழியாகத் தண்ணீர் இறங்கும், அங்கே இருக்கும் சீல் தேய்ந்திருக்கும். பேரிங்கை மட்டும் மாற்றி சீலை மாற்றாமல் விட்டால் ஆறு மாதத்தில் திரும்ப அதே வேலை. இதற்கு எண்ணெய் விடுகிறேன் பேர்வழி என்று தேங்காய் எண்ணெயை ஊற்றுபவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. காங்கேயத்து எண்ணெய் தலைக்கும் தாளிப்பதற்கும் நல்லதுதான், பேரிங்கில் நாள்பட நாள்பட அது பிசின் மாதிரி இறுகிவிடும்.

வாடை

ரப்பர் வாடையைச் சொல்லிவிட்டேன். வார்னிஷ் கருகிய காரமான வாடை வந்தால் வைண்டிங் எரிந்துவிட்டது என்று அர்த்தம், அது ரீவைண்டிங் கடை வேலை, வீட்டில் ஆகாது. அப்புறம் ஒரு விசித்திரமான வாடை உண்டு, மீன் வாடை. கறியே சமைக்காத வீட்டில் சுவிட்ச் போர்டுப் பக்கம் கவிச்சி அடித்தால் சிரிக்காதீர்கள், சூடேறிய பிளாஸ்டிக் சாமான்கள் சிலது அப்படித்தான் நாறும். பாயின்ட்டில் வயர் லூசாக இருந்து சூடாகிறது. மெயினை இறக்கிவிட்டுத் திறந்து, கருகிய நுனியை வெட்டி, இழைகளை நன்றாக முறுக்கி மறுபடி முடுக்குங்கள். பாயின்ட் உருகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாத ரிப்பேர் இது.

மிக்சி

மிக்சி நின்றதும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னச் சிவப்புப் பட்டன் இருக்கும். கெட்டியாக எதையாவது அரைத்துச் சூடேறினால் அது தானாக வெளியே வந்து கரண்டைத் துண்டித்துவிடும். அஞ்சு பத்து நிமிஷம் ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். இதை அழுத்திக் கொடுப்பதற்கு என் மாமன் ஒரு கடையில் 250 ரூபாய் கொடுத்துவிட்டு, "சர்வீஸ் பண்ணிக் குடுத்தாங்க மாப்ள" என்று சந்தோஷமாக வந்தார்.

மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மேலே ஜாரோடு சேர்ந்து பிளேடைச் சுற்றும் கப்ளர் தேய்ந்திருக்கும். இதைக் கழற்றுவதில்தான் எல்லாரும் உடைப்பார்கள். ஓடும்போது கழன்றுவிடக் கூடாது என்பதற்காக இதன் மரையை மோட்டார் ஓட ஓட இறுகும்படி போட்டிருப்பார்கள். ஆகவே மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கம் கப்ளரைத் திருப்பினால் கழலும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஜாரில்லாமல் ஒரு செகண்ட் ஓடவிட்டு மேலிருந்து பார்த்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். தண்டு கூடவே சுற்றினால் அடியில் தண்டின் நுனியில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கக் காடி இருக்கிறதா பாருங்கள், பல மாடலில் இருக்கும்.

விட்டு விட்டு ஓடுகிறது, உள்ளே பொறி பறக்கிறது என்றால் கார்பன், அதாவது சுற்றும் மோட்டாருக்கு உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் இரண்டு கரித்துண்டு. தேய்ந்து அரை சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். அது உரசும் செம்பு உருளை கறுத்திருந்தால் ஜீரோ நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள், எமரி துணி வேண்டாம், அதன் தூள் கரண்ட் கடத்தும். புதுக் கார்பன் போட்டதும் கொஞ்ச நேரம் பொறி வரும், படிந்ததும் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். ஜாரின் பிளேடு இறுகிப் போயிருந்தால் மட்டும் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விடலாம். அங்கே கிரீஸ் போட்டால் சட்னிக்குள் வந்துவிடும்.

அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லை என்றால் பத்தில் பாதி வயர்தான், பாக்ஸுக்குள் நுழையும் கழுத்தில் உள்ளேயே அறுந்திருக்கும். மல்டிமீட்டரைப் பீப்பில் வைத்து வயரை வளைத்து வளைத்துப் பாருங்கள். மாற்றும்போது துணி சுற்றிய வயர்தான் வாங்க வேண்டும், சாதாரண பிளாஸ்டிக் வயர் உருகிவிடும். காயில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு: 52900-ஐ வாட்டால் வகுத்தால் ஓம் வரும். 1000 வாட் என்றால் 53, 750 வாட் என்றால் 70-க்குப் பக்கம். அதற்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் நல்ல காயில். ஒன்றுமே காட்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் குமிழைத் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள், பலர் ஆஃபில் வைத்துக்கொண்டு அளப்பார்கள். கடைசியாக, பிளக்கின் இரண்டு சின்னப் பின்னுக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் பீப் வரவே கூடாது, பெரிய பின்னுக்கும் உடம்புக்கும் கட்டாயம் வர வேண்டும்.

கீசரும் இதே கணக்குதான், 2000 வாட்டுக்கு 26 ஓம். ஆனால் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும் போர் தண்ணீர் வரும் வீட்டுக்கும் காயிலின் ஆயுசே வேறு. உப்புப் படிந்து சுண்ணாம்பு ஓடு கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலையே தின்னும். கெட்டிலில் இதை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரைக் காய்ச்சி ஊறவைத்தே எடுத்துவிடலாம்.

மைக்ரோவேவ் அவனை மட்டும் தொடாதீர்கள். உள்ளே 2000 வோல்ட்டுக்கு வேலை செய்யும் கெபாசிட்டர் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் நிற்கும். இன்வெர்ட்டரும் என் கணக்கில் அதே வரிசைதான். ஜி.டி.நாயுடு இளவட்டத்தில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டினார் என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள், நானும் அதைச் சொல்லித்தான் வீட்டில் திட்டு வாங்காமல் தப்பிக்கிறேன். ஆனால் மோட்டார் சைக்கிள் நின்ற பிறகு ஷாக் அடிக்காது.

ஒன்று விட்டுப்போச்சு. கிரைண்டர் கல் 'டக் டக்' என்று ஆடினால், மாவில் கறுப்பாகத் துகள் வந்தால், கல்லுக்குள் தண்டைச் சுற்றி இருக்கும் குழல், அதாவது புஷ், தேய்ந்துவிட்டது. டேபிள் டாப் கிரைண்டருக்கு நைலான் புஷ் கடையில் ரெடியாகக் கிடைக்கும். பழைய பெரிய கிரைண்டருக்குக் கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் என்றால் கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும். புஷ்ஷை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். "ஷாப்ட்டக் கொண்டாந்தீங்களா" என்றுதான் முதலில் கேட்பார்கள், இல்லை என்றால் வேலையை வாங்கமாட்டார்கள். தண்டும் தேய்ந்திருக்கும், அதை அளந்துதான் புஷ்ஷின் ஓட்டையைக் கடைய முடியும்.